கொலோன் பேராலயத்துக்கு ஒரு நாள்: நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் மேற்கே, ரைன் ஆற்றங்கரையில் இருக்கிற கொலோனுக்கு நான் ஏழு முறை போயிருக்கிறேன். ஏழும் காலையில் போய் இரவு திரும்பிய பயணங்கள், ஏழும் நண்பர்களோடு. நாங்கள் இருக்கும் ஆகனில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்பதால், ஊரில் இருந்து யார் படிக்க வந்தாலும் வேலைக்கு வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவோம். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தின இரவு அதே கேள்விகள் வரும். இனி கேட்கிறவர்களுக்கு அனுப்ப ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நாள் போதுமா? பார்க்க நிறைய இருக்கிறதாமே?

போதும், பட்டியலைச் சுருக்கினால். முதல் பயணத்தில் பதினொரு இடங்களை எழுதிக்கொண்டு போனோம், எட்டு இடம் பார்த்தோம், அன்று இரவு ரயிலில் உட்கார்ந்து பேசும்போது யாருக்கும் எதுவும் தெளிவாக நினைவில்லை, பேராலயத்துக்குள் இருந்தது மொத்தமே இருபது நிமிடம். அறுநூறு வருடத்துக்கு மேல் எடுத்துக் கட்டிய ஒன்றை இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்தோம் என்பது எனக்கு அப்புறம் ரொம்ப நாள் உறுத்தியது.

இப்போது எங்கள் கணக்கு இதுதான்: அரை நாள் பேராலயத்துக்கு, நடுவில் அவசரமில்லாமல் உட்கார்ந்து ஒரு சாப்பாடு, மாலை முழுக்க ஆற்றுக்கு. மற்றதெல்லாம் நேரம் இருந்தால். முடிந்தால் பேராலயத்துக்குள் இரண்டு முறை போங்கள், காலையில் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை. வெளிச்சம் மாறியிருக்கும், அதே தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

சனிக்கிழமை. ஞாயிறு காலை அங்கே அடுத்தடுத்து திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்த நேரத்தில் உள்ளே சுற்ற விடமாட்டார்கள், மதியத்துக்கு மேல்தான். இது தெரியாமல் ஒரு ஞாயிறு பதினொரு மணிக்குப் போய் நின்று, குளிரில் வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். திருப்பலியில் கலந்துகொள்ள வேண்டும் என்றால் அது வேறு, தாராளமாக உட்காரலாம், ஆர்கனும் பாடகர் குழுவும் அந்த உயரமான கூரைக்குக் கீழே கேட்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

இன்னொன்று, ஜெர்மனி முழுக்கவே ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். ஊருக்கு அனுப்ப ஏதாவது வாங்க நினைத்தால் சனிக்கிழமைதான் வழி. பேராலயத்தின் நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டிருக்கும், கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த ரயில், எந்த டிக்கெட்?

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு கையில் இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று பயணம் போகிறவருக்கு அதுதான் லாபம். ஒரே ஒரு விஷயம் கவனமாக இருங்கள்: அது ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் போன்ற வட்டார ரயில்களுக்கும் நகரப் பேருந்து, டிராமுக்கும் மட்டும்தான். ஐ.சி.இ., ஐ.சி. என்ற தொலைதூர வண்டிகளில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் அர்த்தம். ஒரே பிளாட்பாரத்தில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வகையும் வரும், அவசரத்தில் ஏறி அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அந்த டிக்கெட் இல்லாதவர்கள் நாலைந்து பேராகப் போனால், ஐந்து பேர் வரை சேர்ந்து போகிற ஒரு நாள் குழு டிக்கெட் வாங்கி ஆளுக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம், தலைக்கு ரொம்பக் குறைவாகத்தான் வரும். டுசெல்டார்ஃபில் இருந்தும் பானில் இருந்தும் அரை மணி நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே சேமிப்பு விலையில் ஐ.சி.இ. எடுத்தால் ஒன்றேகால் மணி நேரம், வட்டார ரயிலில் என்றால் கோப்லென்ஸ் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆனால் அந்தப் பாதை ரைன் கரையோரமாகவே வளைந்து வளைந்து கோட்டைகளைக் காட்டிக்கொண்டு போகும், நேரம் இருந்தால் ஒரு பக்கத்துக்காவது அதில் வாருங்கள்.

ஸ்டேஷனில் இருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

நடக்கவே வேண்டாம். பேராலயம் இருக்கிற பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்து தலையைத் தூக்கினால் போதும், எதிரே நிற்கும். நான் கூட்டிப்போன ஒவ்வொருவரும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள், பேச்சும் நின்றுவிடும். 157 மீட்டர் உயரம், இரட்டைக் கோபுரம், இவ்வளவு பக்கத்தில். அதனால் முதல் தடவை வருகிறவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாய்ட்ஸ் ஸ்டேஷனில் இறக்காதீர்கள், மெயின் ஸ்டேஷனுக்கே கூட்டி வாருங்கள். டாய்ட்ஸை மாலைக்கு வைத்துக்கொள்வோம்.

பெரிய பெட்டி, முதுகுப் பையோடு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். ஸ்டேஷனிலேயே பை வைக்கும் இயந்திரம் இருக்கிறது, உள்ளே வைத்ததும் அது பையை எடுத்துக்கொண்டு தரைக்கடியில் போய்விடும், வரும்போது அட்டையைப் போட்டால் திரும்ப மேலே வரும். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

கட்ட ஏன் அவ்வளவு காலம் ஆனது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1164-இல் பேராயர் ரைனால்ட் ஃபான் டாசெல் இத்தாலியின் மிலான் நகரில் இருந்து ஒரு திருப்பண்டத்தைக் கொண்டு வந்தார்: குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை. அதை வணங்க ஐரோப்பா முழுவதும் இருந்து மக்கள் வரத் தொடங்கினார்கள், இருந்த கோயில் போதவில்லை. 1248 ஆகஸ்ட் 15-இல் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதல் தலைமை மேஸ்திரி கெர்ஹார்ட். 1322-இல் பீடம் இருக்கிற கிழக்குப் பகுதி முடிந்து அர்ச்சிக்கப்பட்டது. அப்புறம் வேலை மெதுவாகி, பணம் குறைந்து, 16-ஆம் நூற்றாண்டில் நின்றே போனது.

இந்த இடத்தில் ஒரு படத்தை மனதில் வரைந்து பாருங்கள்: கிழக்கே முடிந்த ஒரு பகுதி, மேற்கே பாதியில் நின்ற தெற்குக் கோபுரம், அதன் உச்சியில் கல் தூக்குகிற ஒரு மரக் கிரேன். அந்தக் கிரேன் அப்படியே கிட்டத்தட்ட 400 ஆண்டுகள் நின்றது! தாத்தா பார்த்த கிரேனைப் பேரன் பார்த்தான், அவனுடைய பேரனும் பார்த்தான். நகரத்தின் அடையாளமே அந்தக் கிரேன்தான், பழைய ஓவியங்களில் எல்லாம் அது இருக்கும்.

பிறகு 1814-இல் டார்ம்ஸ்டாட்டில், மேற்கு முகப்புக்கு இடைக்காலத்தில் வரைந்த தோல் வரைபடத்தின் ஒரு பாதி கிடைத்தது. இன்னொரு பாதி அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால் கோபுரம் எப்படி இருக்க வேண்டும் என்று முழுசாகத் தெரிந்தது. 1842-இல் பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் மறுபடி கல் வைத்தார், அவர் கத்தோலிக்கர்கூட இல்லை. ஊர் மக்கள் சங்கம் வைத்துப் பணம் திரட்டினார்கள், லாட்டரிகூட நடத்தினார்கள். 1880-இல் முடிந்தது. 632 ஆண்டுகள். முடிந்த அன்று உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான், நாலே ஆண்டில் வாஷிங்டன் நினைவுத்தூண் அதை முந்தியது.

இதைத் தெரிந்துகொண்டு மேற்கு வாசலில் நின்று பாருங்கள். கீழே இருக்கிற கல் ஒரு காலத்துக் கை, மேலே இருக்கிற கல் ஐந்நூறு வருடம் கழித்து வந்த கை, கண்ணுக்கு ஒட்டு தெரியாது. முன்னோர்கள் வரைந்ததை மாற்றாமல் அப்படியே கட்டி முடித்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது? தீப்பிடித்ததா?

இல்லை. கட்டும்போது வெளிர் நிறம். மழை, புகை, பக்கத்திலேயே ஓடிய நீராவி ரயில்கள், தொழிற்சாலைக் கந்தகம் எல்லாம் சேர்ந்து கல்லின் மேல் கறுத்த ஓடு மாதிரி படிந்துவிட்டது. அங்கங்கே வெளுத்த திட்டுகள் தெரிகிறதே, அவை புதிதாக மாற்றிய கற்கள். பேராலயத்துக்கென்றே தனிச் சிற்பப் பட்டறை இருக்கிறது, கல் தச்சர்கள், கண்ணாடிக் கலைஞர்கள், கூரை வேலைக்காரர்கள் எல்லாம் வருடம் முழுக்க வேலை செய்துகொண்டே இருப்பார்கள். எந்த நாள் போனாலும் எங்கேயாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். பேராலய வேலை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு உலகம் முடிந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். போட்டோவில் சாரம் விழுகிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் பத்து நிமிடம் எதையும் தேடாமல் பின்வரிசை பெஞ்சில் உட்காருங்கள். கூரை 43 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும்.

அப்புறம் பீடத்துக்குப் பின்னால் போய் மூன்று ராஜாக்களின் பேழையைப் பாருங்கள். தங்கத் தகடு போர்த்திய ஒரு சின்னக் கோயில் மாதிரி இருக்கும், வெர்டுன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் 1190 வாக்கில் தொடங்கிய வேலை. பக்கவாட்டில் தீர்க்கதரிசிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு முகமும் வேறு, ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் யோசிக்கிறார், துணி மடிப்புகூடத் தனித்தனியாகத் தெரியும். கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்க்க முடியும், கூட்டம் விலகும் வரை காத்திருங்கள்.

வடபுறத்தில் கெரோ சிலுவை. 10-ஆம் நூற்றாண்டு ஓக் மரச் சிற்பம், பேராலயத்தைவிடவே பழையது. வெற்றி பெற்ற ராஜாவாக அல்ல, இறந்துபோன ஒரு மனிதனாக இயேசுவைச் செதுக்கியிருக்கிறார்கள்: கண்கள் மூடி, தலை சாய்ந்து, உடலின் கனத்தில் தோள்கள் இழுபட்டு, வயிறு தொய்ந்து. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு தச்சர் சாவை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கிறார். எங்களோடு வந்த மருத்துவம் படிக்கும் தோழி அங்கிருந்து அரை மணி நேரம் நகரவில்லை.

தென்புறத்தில் ரிக்டர் ஜன்னல். இரண்டாம் உலகப் போரில் உடைந்த பழைய கண்ணாடிக்குப் பதிலாக, ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007-இல் வைத்தது. புனிதர் யாரும் கிடையாது, கதை கிடையாது, 72 வண்ணங்களில் 11,263 சதுரக் கண்ணாடிகள் மட்டும். அது பேராலயத்துக்குப் பொருந்தவில்லை என்று அப்போதைய கர்தினாலே சொன்னார். எனக்கு உயிர். வெயில் உள்ள நாளில் நண்பகல் வாக்கில் போனால் பச்சையும் ஊதாவும் மஞ்சளும் தரையிலும் தூணிலும் சிதறிக் கிடக்கும், கையை நீட்டினால் உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து உட்காரும்.

கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா? உடைக்குக் கட்டுப்பாடு உண்டா?

தாராளமாகப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் உண்டு. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், ரொம்பக் குட்டையான உடை வேண்டாம், சாப்பாடு கூடாது, போனில் பேசக் கூடாது. நீளச் சிவப்பு அங்கி போட்டவர்கள் நின்றிருப்பார்கள், அவர்கள்தான் பேராலயக் காவலர்கள், அவர்கள் சொன்னால் கேளுங்கள். வடபுறத்தில் ஒரு சின்ன மாதா சொரூபம் இருக்கிறது, நேர்த்திக்கடனாக மக்கள் கொடுத்த சங்கிலி, மோதிரம், பதக்கம் எல்லாம் அங்கிமேல் தைத்து நிறைந்திருக்கும். அதன் முன்னால்தான் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் அங்கே ஒன்று ஏற்றிவிட்டு வருவது எங்கள் வழக்கம், இந்துவும் முஸ்லிமும் சேர்ந்துதான்.

கோபுரத்தில் ஏற வேண்டுமா?

முழங்கால் நன்றாக இருந்தால் ஏறுங்கள். தெற்குக் கோபுரம், 533 படிகள், லிஃப்ட் இல்லை. குறுகலான சுழல் படிக்கட்டு, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும், படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், மூடிய இடம் பயம் உள்ளவர்கள் வேண்டாம். பாதி வழியில் மணிகள் இருக்கிற அறை வரும், மூச்சு வாங்க நல்ல இடம். பெரிய மணியின் பெயர் தடித்த பீட்டர், 1923-இல் வார்த்தது, எடை 24 டன், பெரிய திருநாள்களுக்கு மட்டும்தான் அடிப்பார்கள்.

மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், ரைன் வளைவு தெரியும், ஆனால் பேராலயம் தெரியாது, ஏனென்றால் அதன் மேலேயே நிற்கிறீர்கள். அதனால்தான் ஏற முடியாதவர்களிடம் வருத்தமே வேண்டாம் என்கிறேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாய்ட்ஸில் கொலோன் டிரையாங்கிள் என்ற கட்டடம் இருக்கிறது, லிஃப்டில் 103 மீட்டர் மேலே போய், எதிரே பேராலயத்தை முழுசாகப் பார்க்கலாம். அம்மா அப்பா வந்திருந்தால் நேராக அங்கே.

கோபுர உச்சியில் ஒரு கல் பூ இருக்கிறதே, அது கீழே இருந்து பொட்டு மாதிரி தெரியும். மேற்கு வாசலுக்கு எதிரே அதே அளவில் ஒரு மாதிரியைத் தரையில் வைத்திருக்கிறார்கள், ஒன்பதரை மீட்டர் உயரம். ஆறடி ஆள் பக்கத்தில் நின்றால் அவர் குழந்தை மாதிரி இருப்பார். முதலில் அதைப் பாருங்கள், பிறகு மேலே பாருங்கள், அளவு அப்போதுதான் பிடிபடும்.

சைவம் கிடைக்குமா? என்ன சாப்பிடுவது?

கிடைக்கும். பழைய நகரப் பகுதியில் மதுபானச் சாலைகளோடு சேர்ந்த உணவகங்கள் இருக்கின்றன, நீள மர மேசைகள், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். மெனுவில் 'ஹால்வ ஹான்' என்று இருக்கும், நேர் அர்த்தம் 'அரைச் சேவல்'. கோழி என்று நினைத்து ஆர்டர் செய்யாதீர்கள், கோழி என்று நினைத்து ஒதுக்கவும் வேண்டாம். வருவது கம்பு மாதிரியான ரை மாவு ரொட்டி, தடிமனாக ஒரு துண்டு சீஸ், கடுகு விழுது, வெங்காயம். முழுச் சைவம். 'ரீவ்கூகே' என்பது உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் மொறுமொறுவென்று சுட்ட அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். இதில் முட்டை சேர்ப்பார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஹிம்மல் உன் ஏத்' என்றால் 'வானமும் பூமியும்', ஆப்பிளும் உருளைக்கிழங்கும். பெயர் அழகு, ஆனால் கூடவே இரத்தத்தில் செய்த சாசேஜ் வரும், தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

கொலோனின் பீருக்கு 'கோல்ஷ்' என்று பெயர், 1986-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த வட்டாரத்தில் வடிப்பதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். 200 மில்லி பிடிக்கிற ஒல்லிக் கண்ணாடி டம்ளரில் வரும். பரிமாறுகிறவரை 'கோபெஸ்' என்பார்கள், டம்ளர் காலியானால் கேட்காமலேயே அடுத்ததை வைத்து, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், அந்த அட்டையை எடுத்து டம்ளர் மேல் மூடுங்கள். இது தெரியாத நண்பர் ஒருவர் மரியாதைக்காக ஒவ்வொன்றையும் குடித்துக்கொண்டிருந்தார், ஒன்பதாவது கோட்டில் பக்கத்து மேசைப் பாட்டி கை நீட்டி அட்டையை மூடிக் காட்டினார். குடிக்காதவர்கள் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல' கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

ஓடிகோலன் இந்த ஊர்தானா?

இந்த ஊரேதான். காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் ஓடிகோலன் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அந்தப் பெயருக்கு பிரெஞ்சில் 'கொலோன் தண்ணீர்' என்று அர்த்தம். இத்தாலியில் இருந்து வந்த ஃபாரினா குடும்பத்துக் கடை 1709-இல் இங்கே தொடங்கியது, இன்றும் இருக்கிறது. நமக்குப் பழகிய நீலமும் பொன்னும் கலந்த லேபிள் 4711-உடையது, அது பிறகு வந்தது, குளோக்கன்காஸ தெருவில் அதன் பெரிய கடை. உள்ளே ஒரு சின்னக் குழாயில் ஓடிகோலன் சொட்டிக்கொண்டே இருக்கும், விரலை நனைத்து முகர்ந்து பார்க்கலாம். நான் முகர்ந்ததும் பாட்டியின் இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது, ஒரு சின்னப் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழை பிடித்துக்கொண்டால்?

பிடிக்கும், எந்த மாதமானாலும் ஒரு மழைக்கோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேராலய மேடையில் காற்று குடையைத் திருப்பிவிடும். பக்கத்திலேயே லூட்விக் அருங்காட்சியகம் இருக்கிறது, பிக்காசோ நிறைய. குழந்தைகள் இருந்தால் ஆற்றங்கரையில் சாக்லேட் அருங்காட்சியகம்.

என்னைக் கேட்டால் எல்-டே ஹவுஸுக்குப் போகச் சொல்வேன். பத்து நிமிட நடை. நாஜிக் காலத்தில் கெஸ்டாபோ ரகசியப் போலீஸ் இருந்த கட்டடம், இப்போது ஆவண மையம். கீழ்த்தளத்தில் சிறை அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சுவரில் அடைபட்டவர்கள் நகத்தாலும் ஆணியாலும் எழுதியவை இருக்கின்றன, பெயர்கள், தேதிகள், நாள் எண்ணிய கோடுகள், பல மொழிகளில். சிரித்துக்கொண்டு உள்ளே போன ஆறு பேரும் பேசாமல் வெளியே வந்தோம். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

போரில் பேராலயம் மட்டும் எப்படித் தப்பியது?

தப்பியது என்று சொல்ல முடியாது. பதினான்கு பெரிய குண்டுகள் விழுந்தன, கூரை வளைவுகள் இடிந்தன, ஜன்னல்கள் போயின, ஆனாலும் நின்றது. சுற்றியிருந்த நகரமோ அநேகமாக முழுசும் போய்விட்டது. 1945 மார்ச் 6-இல் பின்வாங்கிய ஜெர்மன் படையே ரைன் பாலத்தைத் தகர்த்தது. நீங்கள் பழைய நகரத்தில் போட்டோ எடுக்கிற வண்ண வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு திரும்பக் கட்டியவை. இடிந்த கற்களுக்கு நடுவில் கறுப்பாக அந்த இரட்டைக் கோபுரம் நிற்கும் 1945 போட்டோக்களை முன்னாலேயே பார்த்துவிட்டு வாருங்கள், தெருவில் நடக்கிற நடையே மாறிவிடும்.

கார்னிவல், கிறிஸ்துமஸ் சமயத்தில் வரலாமா?

முதல் தடவை என்றால் வேண்டாம். நவம்பர் 11 காலை 11 மணி 11 நிமிடத்துக்கு அவர்களுடைய கார்னிவல் காலம் தொடங்கும், அன்று ஊரே வேடம் போட்டுக்கொண்டு தெருவில்தான் இருக்கும், ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கும், பேராலய நிழலிலேயே கடைகள், அழகுதான், ஆனால் சனிக்கிழமை மாலை நெரிசல் தாங்காது. மே, ஜூன், செப்டம்பர் எனக்குப் பிடித்த மாதங்கள்.

தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. கொலோன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாகத் தமிழ் படிப்பித்தார்கள், அங்கே சேர்ந்த தமிழ் நூல்களின் தொகுப்பு ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று. நிதி இல்லாமல் தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை வந்தபோது தமிழ்நாடு அரசும் வெளிநாட்டுத் தமிழர்களும் உதவ முன்வந்தார்கள். வார இறுதியில் போய்ச் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை அது, ஆனால் அந்த ஊரில் நடக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

நல்ல போட்டோ எங்கே கிடைக்கும்? எத்தனை மணிக்குத் திரும்புவது?

இரண்டுக்கும் ஒரே பதில். பேராலயத்துக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு பின்னால் போனாலும் கேமராவில் அடங்காது. மாலையில் ஹோஹென்சொல்லர்ன் பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போங்கள். பாதசாரிப் பாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கிற கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள், காதலர்கள் பெயர் பொறித்து மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிவார்கள். துருப்பிடித்தது, புதியது, ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன, பக்கத்தில் ரயில் போகும்போது பாலம் அதிரும், பூட்டுகளும் லேசாகக் கிலுகிலுக்கும்.

வழியில் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு சதுக்கத்தில் ஆட்கள் நின்று உங்களைச் சுற்றிப் போகச் சொன்னால் கோபப்படாதீர்கள். அதற்குக் கீழேதான் ஃபில்ஹார்மனி இசையரங்கம், மேலே நடந்தால் கீழே கச்சேரியில் காலடி கேட்கும் என்பதால் அந்த நேரத்தில் மட்டும் தடுப்பார்கள்.

அக்கரையில் ஆற்றைப் பார்த்து அகலமான படிக்கட்டு இருக்கிறது, அதில் உட்காருங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகப்போகும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அதற்குத் தக்கபடி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பேராலயத்துக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும், கல் முழுக்கக் கறுப்பாகும், சிறிது நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். டாய்ட்ஸ் ஸ்டேஷன் அங்கிருந்து சில நிமிட நடைதான், உங்கள் வட்டார ரயில் அங்கே நிற்குமா என்று முன்னாலேயே பார்த்து வைத்துவிட்டால் திரும்பப் பாலத்தைக் கடக்க வேண்டாம். ஸ்டேஷனில் வைத்த பையை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தினதைப் பிடியுங்கள்.